மலை மேல் ஓடினால் ரத்தத்தில் என்ன நடக்கிறது?

1968 அக்டோபர் 13. மெக்சிகோ சிட்டி ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டம். ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் முன்னால் போகிறவர்களோடு ஒட்டிக்கொண்டே வந்தார். அந்தத் தூரத்துக்கான உலக சாதனை அவரிடம்தான் இருந்தது. மூன்று வருடம் முன்பு ஓஸ்லோவில் 27 நிமிடம் 39.4 விநாடியில் ஓடியிருந்தார். அன்று மெக்சிகோவில் யாரும் அந்த வேகத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. அவருக்கு அது மந்தமான ஓட்டம். ஆனாலும் கடைசிச் சுற்றுகளில் அவருடைய கால்கள் சொல் கேட்கவில்லை. ஆறாவதாக வந்து சேர்ந்தார், சேர்ந்ததும் விழுந்தார், நினைவு தப்பியது. அணியின் மருத்துவர் பக்கத்தில் மண்டியிட்டு, கண்ணீரோடு அவருக்கு ஆக்சிஜன் கொடுத்தார்.

அந்த ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர் கென்யாவின் நஃப்தாலி டெமு. நேரம் 29 நிமிடம் 27.4 விநாடி, அதாவது கிளார்க்கின் சாதனையைவிட ஒன்றே முக்கால் நிமிடத்துக்கு மேல் அதிகம். இரண்டாவது எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே. நான்காவதாக வந்தவர் உள்ளூர் மெக்சிகோக்காரர். மேட்டு நிலத்தில் வாழ்ந்த உடல்களுக்கு அந்தக் காற்று பழகியிருந்தது. கடல் மட்டத்தில் உலகத்தையே வென்றவருக்கு அது எட்டவில்லை.

மெக்சிகோ சிட்டியின் உயரம் ஏறக்குறைய 2,240 மீட்டர். நம்ம ஊட்டியின் உயரமும் அதேதான். கோடையில் ஊட்டிக்குப் பயிற்சிக்குப் போகிற ஓட்டக்காரர்கள் கிளார்க் அன்று மூச்சு வாங்கிய அதே அழுத்தத்தில்தான் மூச்சு வாங்குகிறார்கள். அந்த உடல்களுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான், ஒரு பிள்ளையை மலைக்குக் கூட்டிப்போவது நல்லதா வீண் செலவா என்று சொல்ல முடியும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மலை தானாக எதையும் தந்துவிடுவதில்லை. அது உடலுக்கு ஒரு உத்தரவு போடுகிறது, அவ்வளவுதான். உத்தரவை நிறைவேற்றச் சரக்கு வேண்டும். அந்தச் சரக்கின் பெயர் இரும்பு.

முதலில் காற்று. மேலே போனால் காற்றில் ஆக்சிஜன் குறைந்துவிடும் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அதன் பங்கு குறைவதில்லை. ஊட்டியிலும் சென்னையிலும் காற்றில் ஏறக்குறைய 21 சதவீதம் ஆக்சிஜன்தான். குறைவது அழுத்தம். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் தாண்டுவதற்குள் பலூன் மாதிரி உப்பிக்கொள்வதைப் பஸ்ஸில் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். உள்ளே இருக்கும் காற்று கூடவில்லை, வெளியே அதை அமுக்கிக்கொண்டிருந்த காற்றுதான் இளைத்துவிட்டது. கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கும் அழுத்தம் ஊட்டியில் சுமார் 585. நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் ஆக்சிஜனைத் தள்ளுவது இந்த அழுத்தம்தான். தள்ளும் பலம் ஏறக்குறைய கால் பங்கு போய்விடுகிறது.

சும்மா உட்கார்ந்திருந்தால் இது பெரிதாகத் தெரியாது. ஓடும்போதுதான் தெரியும், அதிலும் நன்றாகப் பயிற்சி பெற்றவருக்குத்தான் அதிகமாகத் தெரியும். இது பலருக்கும் வியப்பாக இருக்கும், ஆனால் காரணம் எளிது. உயர்தர ஓட்டக்காரரின் இதயம் ஒரு நிமிடத்தில் தள்ளும் ரத்தம் மிக அதிகம். அந்த வேகத்தில் சிவப்பணுக்கள் நுரையீரலின் நுண்குழாய்களைக் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடுகின்றன. கீழே அழுத்தம் நன்றாக இருப்பதால் அந்தக் கொஞ்ச நேரத்திலேயே பெரும்பாலும் நிரம்பிவிடும். மேலே அது போதாது. அரைகுறையாக நிரம்பிய பாத்திரத்தோடு ரத்தம் தசைக்குப் போகிறது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஆக்சிஜன் பயன்படுத்தும் உச்சத் திறன் சுமார் 6, 7 சதவீதம் சரிகிறது. பெரிய இதயம் கொண்டவர்களுக்குச் சரிவு இன்னும் அதிகம்.

சரி, இந்தப் பற்றாக்குறையை உடல் எப்படிக் கண்டுபிடிக்கிறது? முதல் காவல் கழுத்தில். கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் அரிசி அளவில் ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்த சில விநாடிகளில் அது மூளைக்குச் செய்தி அனுப்பிவிடும். மூச்சு வேகமாகும், ஆழமாகும். அதில் கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாய்கிறது. அதைச் சரிசெய்யச் சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியே தள்ளுகிறது. மலைக்குப் போன முதல் இரண்டு நாள் அடிக்கடி சிறுநீர் வருவது குளிரால் மட்டும் அல்ல.

அப்போது ரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைகிறது. இங்கேதான் பல பேர் ஏமாறுகிறார்கள். இரண்டாம் நாள் ரத்தப் பரிசோதனை செய்தால், சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் அளவு ஏறியிருக்கும். மலை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று பயிற்சியாளர் சந்தோஷப்படுவார். சாம்பார் சுண்டினால் உப்பு தூக்கலாகத் தெரியும், யாரும் புதிதாக உப்புப் போட்டிருக்க மாட்டார்கள். அது போலத்தான் இதுவும். உடலில் மொத்தம் எத்தனை கிராம் ஹீமோகுளோபின் இருக்கிறது என்பதுதான் ஓட்டத்துக்கு முக்கியம். அது இரண்டு நாளில் மாறாது.

அது மாறத் தொடங்கும் இடம் செல்லுக்குள். நம் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களும் ஹிஃப் ஆல்ஃபா என்ற புரதத்தை ஓயாமல் செய்துகொண்டே இருக்கின்றன. செய்த வேகத்தில் அழித்தும்விடுகின்றன. ஆக்சிஜன் தாராளமாக இருக்கும் செல்லில் அதன் ஆயுள் ஐந்து நிமிடம்கூட இல்லை.

அழிக்கும் முறை இது. பிஎச்டி என்று அழைக்கப்படும் நொதிகள் ஹிஃப் ஆல்ஃபாவின் இரண்டு குறிப்பிட்ட இடங்களில் ஆக்சிஜன் அணு ஒன்றை ஒட்டவைக்கும். ஆட்டுக்கு அடையாளம் வைப்பது போல. அந்த அடையாளத்தைப் பார்த்ததும் வி.எச்.எல் என்ற இன்னொரு புரதம் வந்து பிடித்துக்கொள்ளும். பிறகு செல்லின் குப்பை அரைக்கும் இயந்திரத்துக்குள் அது போய்ச் சேரும். இப்போது கவனியுங்கள்: அடையாளம் வைக்க ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் விழாது. அடையாளம் இல்லாவிட்டால் வி.எச்.எல் கண்டுகொள்ளாது. ஹிஃப் ஆல்ஃபா பிழைத்துக்கொள்ளும், செல்லின் கருவுக்குள் போய்த் தன் ஜோடிப் புரதத்தோடு சேர்ந்து டி.என்.ஏ.வில் உட்காரும், நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தட்டி எழுப்பும்.

செய்து செய்து அழிப்பது வீண் வேலை மாதிரி தோன்றலாம். எனக்கு இதில் பிடித்ததே அந்த வீண் வேலைதான். ஆபத்து வந்த பிறகு புரதத்தைப் புதிதாகச் செய்ய உட்கார்ந்தால் நேரம் பிடிக்கும். ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதை அழிக்காமல் விட்டால் போதும் என்றால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். மூச்சு முட்டும் செல்லுக்கு நிமிடங்கள்தான் முக்கியம்.

இதைக் கண்டுபிடித்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் கிடைத்தது. அவர்கள் யாரும் ஓட்டக்காரர்களைப் பற்றி ஆராயவில்லை. கேலின் ஆராய்ந்தது குடும்பங்களில் வழிவழியாக வரும் ஒரு புற்றுநோயை. ராட்கிளிஃப் சிறுநீரக மருத்துவர். ஒரு ஹார்மோனின் மரபணு எப்படி விழிக்கிறது என்று தேடிப் போன செமென்சாவின் வழியில்தான் ஹிஃப் அகப்பட்டது.

அந்த ஹார்மோன் எரித்ரோபாய்டின், சுருக்கமாக ஈபிஓ. பெரும்பாலும் சிறுநீரகத்தில் சுரப்பது. மலை ஏறிய சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் அதன் அளவு கூடத் தொடங்கும். ஒன்று இரண்டு நாளில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்கிவிடும். எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு ஆகப் போகிற இளம் செல்களில் பல, பாதியிலேயே இறந்துபோவது வழக்கம். ஈபிஓ அவற்றைச் சாகவிடாமல் காக்கிறது. சாதாரண நாளிலேயே விநாடிக்கு இருபது லட்சத்துக்கும் மேல் சிவப்பணுக்களைச் செய்யும் மஜ்ஜை, இன்னும் கொஞ்சம் வேகம் எடுக்கிறது.

எவ்வளவு கிடைக்கும்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், 2,100 மீட்டருக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு நூறு மணி நேரத்துக்கும் மொத்த ஹீமோகுளோபின் ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடுகிறது. மூன்று வாரம் என்றால் 500 மணி நேரம். வார இறுதியில் ஊட்டிக்குப் போய்த் திரும்புவதை உயர்மலைப் பயிற்சி என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தம் இல்லை.

இப்போது இரும்புக்கு வருகிறேன். ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்குள் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு ஓட்டக்காரப் பெண்ணின் உடலில் 600 கிராம் ஹீமோகுளோபின் என்று வைத்துக்கொள்வோம். மூன்று, நான்கு வாரத்தில் நாலு சதவீதம் கூடினால் 24 கிராம். அதற்கு வேண்டிய இரும்பு 80 மில்லிகிராமுக்கு மேல். குடல் வழக்கமாக ஒரு நாளில் உள்ளே எடுத்துக்கொள்வது ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம். வியர்வையிலும் மாதவிடாயிலும் தினசரித் தேய்மானத்திலும் இழப்பதை ஈடுகட்டவே அது சரியாகப் போய்விடும். மிச்சம் எங்கிருந்து வரும்? சேமிப்பிலிருந்துதான் வர வேண்டும். சேமிப்பு இல்லாதவர்?

உடல் தன்னால் ஆனதைச் செய்துபார்க்கிறது. குடலில் இரும்பு நுழையும் கதவைப் பூட்டி வைத்திருப்பது ஹெப்சிடின் என்ற ஹார்மோன். மஜ்ஜை வேகம் எடுத்ததும் எரித்ரோஃபெரோன் என்ற செய்தியை அனுப்பி ஹெப்சிடினைக் குறைக்கச் சொல்கிறது. கதவு திறக்கிறது. ஆனால் கதவு திறந்தால் போதுமா, வாசலில் ஏதாவது இருக்க வேண்டாமா? இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடுமையாக ஓடி முடித்த மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஹெப்சிடின் ஏறுகிறது. காலையில் கடுமையாக ஓடிவிட்டு மத்தியானம் போடும் இரும்பு மாத்திரை, பூட்டிய கதவைத் தட்டுவது மாதிரிதான். விடிகாலையில், ஓட்டத்துக்கு முன்போ முடிந்த உடனேயோ போட்டால் பலன் அதிகம். அப்புறம் டீ. நீலகிரிக்குப் போய் டீ குடிக்காதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் சாப்பாட்டோடு குடித்தால் அது இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

இரும்பு இல்லாவிட்டால் கட்டுமானம்தான் நிற்கும் என்று நினைக்கலாம். விஷயம் அதைவிட ஆழமானது. சிறுநீரகத்தில் ஈபிஓவை எழுப்புவது பெரும்பாலும் ஹிஃப்-2 ஆல்ஃபா என்ற வகை. அதைச் செய்வதற்கான குறிப்பை ஏந்தி வரும் ஆர்.என்.ஏ.வின் தொடக்கத்திலேயே இரும்பை அளக்கும் ஒரு கொக்கி இருக்கிறது. செல்லில் இரும்பு குறைந்தால் ஒரு புரதம் அந்தக் கொக்கியில் மாட்டிக்கொண்டு, ஹிஃப்-2 ஆல்ஃபா உருவாவதையே மட்டுப்படுத்தும். சிமென்ட் வந்து இறங்காத வீட்டுக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டு என்ன பயன் என்று உடலே கணக்குப் போடுகிறது. ஆக, இரும்பு இல்லாத உடலில் மலை போடும் உத்தரவுகூட முழுக் குரலில் ஒலிப்பதில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். நம் தடங்களில் ஓடும் பெண் பிள்ளைகள் இந்த வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள். ரத்தசோகை என்று பெயர் வாங்காதவர்களிலும் பலருக்குச் சேமிப்பு காலியாகவே இருக்கும். ஹீமோகுளோபின் அளவு மட்டும் பார்த்தால் அது தெரியாது. ஃபெரிட்டின் என்ற பரிசோதனையில்தான் தெரியும். கடன் வாங்கிப் பிள்ளையை மலைக்கு அனுப்பும் பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பஸ் டிக்கெட் எடுப்பதற்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் முன்பே ஃபெரிட்டின் பாருங்கள். குறைவாக இருந்தால் மருத்துவரிடம் காட்டிச் சேமிப்பை ஏற்றிவிட்டு அனுப்புங்கள். அளவு தெரியாமல் இரும்பு மாத்திரை விழுங்குவதும் ஆபத்து, அது உடலில் தேங்கினால் வெளியேற வழி கிடையாது.

தசைக்குள் நடப்பது வேறு கதை. அங்கே ஹிஃப் தலையெடுக்க மலையே தேவையில்லை. கடல் மட்டத்தில் கடுமையாக ஓடினாலே வேலை செய்யும் தசைக்குள் ஆக்சிஜன் அழுத்தம் வெகுவாகக் கீழே போய்விடும். மலை அதை இன்னும் கூட்டுகிறது. விழித்த மரபணுக்களில் சில நல்லது செய்கின்றன. புது நுண்குழாய்கள் முளைக்கச் சொல்லும் விஇஜிஎஃப் அப்படி ஒன்று. சில, சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமல் எரிக்கும் பாதையைத் திறந்துவிட்டு, ஆக்சிஜனை வைத்து ஆற்றல் எடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும் வழியை அடைக்கின்றன. இன்னொன்று ரெட்1. தசையை வளர்க்கும் எம்டோர் என்ற சுவிட்சை அது அணைத்துவிடும். ஆக்சிஜன் தட்டுப்பாட்டில் தசையைப் பெருக்குவது செல்லின் பார்வையில் ஊதாரித்தனம். எவரெஸ்ட் போகிறவர்கள் 5,000 மீட்டருக்கு மேல் வாரக்கணக்கில் இருந்துவிட்டுத் திரும்பும்போது தொடை இளைத்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஊட்டி உயரத்தில் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் உயரம் கூடக் கூட நல்லது என்று நினைப்பது தவறு என்பதற்கு இதுவே போதும்.

மலையின் உண்மையான செலவு வேகம். மேலே கீழ்நாட்டு வேகத்தில் ஓட முடியாது. மெதுவாக ஓடி ஓடிக் கால்கள் வேகத்தை மறந்துவிடும். அமெரிக்காவில் பெஞ்சமின் லெவினும் ஜேம்ஸ் ஸ்ட்ரே-குண்டர்சனும் இதற்கு ஒரு வழி தேடினார்கள். 39 ஓட்டக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு யூட்டா மாநிலத்தில் 2,500 மீட்டரில் தங்கி, 1,250 மீட்டருக்கு இறங்கி ஓடியது. இன்னொன்று மேலேயே தங்கி மேலேயே ஓடியது. மூன்றாவது கீழேயே இருந்தது. 1997இல் முடிவு வெளியானது. மேலே தங்கிய இரண்டு குழுவுக்கும் சிவப்பணு கூடியது. ஆனால் 5,000 மீட்டர் ஓட்டத்தில் முன்னேறியது, மேலே தங்கிக் கீழே ஓடிய குழு மட்டும்தான், சராசரியாக 13 விநாடிக்கு மேல். அந்தத் தூரத்தில் 13 விநாடி என்றால் பதக்கத்துக்கும் பத்தாவது இடத்துக்கும் உள்ள தூரம்.

நம் ஊரில் இதை அப்படியே செய்வது லேசல்ல. ஊட்டியில் தூங்கி மேட்டுப்பாளையத்தில் ஓடுவது என்றால் தினமும் கொண்டை ஊசி வளைவுகளில் போய்வர வேண்டும், இறங்கும்போதே பாதி உயிர் போய்விடும். வாரத்தில் ஒன்று இரண்டு நாள், வேகப் பயிற்சிக்கு மட்டும் இறங்குவது நடக்கக்கூடியது. இந்திய ஓட்டக்காரர் அவினாஷ் சாப்ளே 2022இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில், சுமார் 1,840 மீட்டரில் பயிற்சி எடுத்துவிட்டுப் போய் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் 3,000 மீட்டர் தடை ஓட்டத்தை 8 நிமிடம் 11.20 விநாடியில் முடித்து வெள்ளி வாங்கினார். தங்கத்துக்கு இருந்த இடைவெளி 0.05 விநாடி. மலை எவ்வளவு, அவர் உழைப்பு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தப் பிரிக்க முடியாமைதான் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயாததற்குக் காரணம். 2012இல் வெளிவந்த ஒரு ஆய்வில் 16 சைக்கிள் வீரர்களைத் தினமும் 16 மணி நேரம் அறைக்குள் இருக்கவைத்தார்கள். சில பேரின் அறையில் 3,000 மீட்டர் உயரத்துக்கான காற்று, மற்றவர்களுக்குச் சாதாரணக் காற்று. யாருக்கு எது என்று வீரர்களுக்கும் தெரியாது, அளந்தவர்களுக்கும் தெரியாது. நாலு வாரம் கழித்து ஹீமோகுளோபினிலும் வேகத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. முகாமுக்குப் போகிறோம் என்ற நம்பிக்கையே, வீட்டு வேலையும் அலைச்சலும் இல்லாத நாலு வாரமே ஓரளவு பலன் தந்துவிடும் என்பதை மறுக்க முடியாது. ஆளுக்கு ஆள் வேறுபாடும் மிகப் பெரியது. ஒரே மலையில், ஒரே சாப்பாட்டில், ஒருவருக்கு ஈபிஓ பொங்கி வரும், பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு அசையாது.

மலையே ஏறாமல் மலையின் பலனோடு பிறந்த ஒருவரும் இருந்தார். ஃபின்லாந்தின் ஈரோ மான்டிரான்டா, 1964 இன்ஸ்ப்ரூக் குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு நெடுந்தூர ஓட்டத்தில் இரண்டு தங்கம் வென்றவர். 15 கிலோமீட்டரில் இரண்டாவதாக வந்தவரை 40 விநாடி பின்னால் விட்டார். அவர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் மிக அதிகமாக இருந்ததால் ஏதோ தவறு செய்கிறார் என்று பல வருடம் பேசினார்கள். 1993இல் அவர் குடும்பத்தையே ஆராய்ந்தபோது உண்மை வெளிவந்தது. மஜ்ஜைச் செல்களில் ஈபிஓவை ஏற்கும் வாங்கி என்ற புரதத்தின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அதனால் வாங்கியின் வால் பகுதி வெட்டுப்பட்டு, அணைக்கும் சுவிட்சே இல்லாமல் போயிருந்தது. கொஞ்சம் ஈபிஓ வந்தாலும் மஜ்ஜை நிறுத்தாமல் வேலை செய்யும். அந்த மனிதர் தலையில் சுமத்திய சந்தேகத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அவருக்குப் பிறப்பில் கிடைத்ததை 1990களில் சைக்கிள் வீரர்கள் ஊசியில் ஏற்றிக்கொண்டார்கள். செயற்கை ஈபிஓவைக் கண்டுபிடிக்கும் சோதனை 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் வந்தது. இப்போது ஹிஃபை அழியவிடாமல் தடுக்கும் மாத்திரைகளே வந்துவிட்டன. சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு வரப்பிரசாதமான ராக்ஸாடுஸ்டாட் போன்றவை, விளையாட்டில் தடை செய்யப்பட்டவை. ரத்தம் அளவுக்கு மேல் கெட்டியானால் இதயம் அதைத் தள்ளத் திணறும், குழாயில் உறையும். பல்லாயிரம் வருடமாக மேட்டு நிலத்தில் வாழும் திபெத்தியர்களின் உடல் இதை உணர்ந்த மாதிரி இருக்கிறது. அவர்களுடைய ஹிஃப்-2 ஆல்ஃபா மரபணுவில் உள்ள ஒரு மாற்றம், அந்த உயரத்திலும் ஹீமோகுளோபினை அதிகம் ஏறவிடாமல் வைத்திருக்கிறது. அந்த மாற்றம் டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்திலிருந்து வந்தது என்று 2014இல் தெரியவந்தது.

கீழே இறங்கியதும் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் தாராளமானதும் ஹிஃப் மறுபடியும் ஐந்து நிமிட ஆயுளுக்குப் போய்விடும். ஈபிஓ வழக்கமான அளவைவிடக் கீழே இறங்கும். சேர்த்த ஹீமோகுளோபின் இரண்டு முதல் நாலு வாரத்தில் கரைந்துவிடும். அதற்குள் போட்டி வர வேண்டும். இறங்கிய இரண்டு மூன்று நாளில் ஓடுவதா, வேகத்தைக் கொஞ்சம் மீட்டுக்கொண்டு இரண்டு வாரம் கழித்து ஓடுவதா என்று பயிற்சியாளர்களுக்குள் இன்றும் இரு கட்சி உண்டு. நம் பக்கத்தில் இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஊட்டிக் குளிரில் ஒரு மாதம் இருந்த உடல் வெயிலை மறந்திருக்கும், ரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைந்திருக்கும். மே மாதச் சென்னைத் தடத்தில் ஓடுவதற்கு அந்த நீர் திரும்ப வேண்டும். வெயிலில் தினமும் கொஞ்ச நேரம் ஓடினால் பத்து நாளில் அது திரும்பிவிடும்.